கை காட்டிவிட்டு மலையிறங்கியவர்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி இடது பக்கத்து வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘மறுபடி சார்’. வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தேர்வு அதிகாரியாக இருந்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முழங்கால் மேல் அட்டையை வைத்துக்கொள்வார். வண்டி நின்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்புறம் “மறுபடி வாங்க” என்பார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், கேட்டதற்கும் ஒரு மதிப்பெண் குறையும்.

எனக்கும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். நான் இரண்டாவது மாடி, அவருக்கு நேர் கீழ்வீடு. அந்த வயிற்றெரிச்சலில் இதை எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் அது முழுக்கத் தப்பில்லை.

ஆனால் மனிதர் கெட்டவர் கிடையாது. வேண்டுமென்றே ஒருவரையும் அவர் ஃபெயில் ஆக்கியதில்லை. உலகத்தில் யாருக்குமே சரியாக வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவருடைய மனப்பூர்வமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சொந்தக்காரர், வேண்டாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. தன் மனைவியையே மூன்று தடவை ஃபெயில் ஆக்கினார். முதல் தடவை அந்த வீட்டம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிச் சிக்னலில் நிற்கும்போது புருஷனைத் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். சார் ‘கவனச் சிதறல்’ என்று எழுதிவிட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தவரிடம், வீட்டம்மா சமையலறை வாசலில் நின்றபடி “மறுபடி வாங்க” என்றாராம். சார் எழுந்து போய், கை கழுவிவிட்டு, உண்மையிலேயே மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்தார்.

முதல் வாரம் செருப்பு விடும் இடத்தில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டார். வெளியே போகிற செருப்பு இடது பக்கம், உள்ளே வருகிற செருப்பு வலது பக்கம். இரண்டும் ஒரே செருப்புதானே என்று நான் கேட்டேன். அதுதான் பிரச்சினையே என்றார். இரண்டாவது வாரம் சமையலறைக்குள் நுழைந்தார். குக்கர் விசில் அடித்தால், முன்னால் யாரும் இல்லாதபோது எதற்கு ஹாரன் என்று கேட்டார். மூன்றாவது வாரம், வீட்டம்மா குளியலறையிலிருந்து வரும்போது எதிரே நின்று, திரும்புவதற்கு முன்னால் கை காட்டவில்லை என்றார். வீட்டம்மா நேராக ஃபோனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார். உங்க மாமாவுக்கு ஏதாவது ஒரு வேலை கொடு, சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டிலிருந்து தண்ணீர் தாண்டி இருந்தால் ரொம்ப நல்லது என்று கேட்டுக்கொண்டார்.

தம்பி வேலை பார்த்த இடம் உண்மையிலேயே தண்ணீர் தாண்டித்தான் இருந்தது. கரையிலிருந்து படகில் இருபது நிமிடம் போனால் ஒரு தீவு. ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த இடம். இப்போது முழுக்கக் காடு, நடுவில் ஒரு மலை. பூங்காவாக மாற்றியபோதே மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. குப்பைகூட மூன்று சக்கர மிதிவண்டியில்தான் போகும். அந்த மலையில்தான் மவுண்டன் பைக் என்கிற மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வந்து குவிவார்கள். தடித்த டயர், முன்சக்கரத்தைத் தாங்க ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், முழங்காலுக்கு முழங்கைக்கு எல்லாம் கவசம். பார்த்தால் சண்டைக்குப் போகிறவர்கள் போல் இருக்கும். திரும்பி வரும்போது சண்டையில் தோற்றவர்கள் போல் இருக்கும்.

மலையுச்சியிலிருந்து கீழே இறங்க இரண்டு பாதை. ஒன்று ஆமைப் பாதை. சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல இறங்கும். இன்னொன்றுக்குப் பெயர் முப்பத்திரண்டு. மேலே நிற்கும்போது வாயில் அத்தனை பல் இருக்கும், கீழே போன பிறகு எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியது என்பதால் அந்தப் பெயர்.

தம்பிதான் அந்தப் பூங்காவின் மேலாளர். தகரக் கூரை போட்ட இரண்டறை அலுவலகம். ஒரு அறையில் அவரும் வாக்கிடாக்கியும். இன்னொரு அறையில், தொலைந்துபோய்க் கிடைத்த பொருள்கள் வைக்கும் பெட்டி. அதில் நாற்பத்தோரு கையுறை, எல்லாமே இடது கை. மாமாவுக்கு அவர் கொடுத்த வேலை ரொம்பச் சுலபமானது. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஹெல்மெட் இல்லாதவரை மேலே விடக்கூடாது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். இரண்டு எண்ணும் சாயங்காலம் ஒன்றாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர் சார். மேலாளர் எள் என்றுகூடச் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை காலையில் படகு வருவதற்குள், பாதை வாசலில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு ஒன்று வரைந்துவிட்டார். மலை ஏறுகிற ஒவ்வொருவரும் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் மரத்தில் மாட்டியிருந்த அட்டையில் எழுத்து படிக்க வேண்டும். அப்புறம் இடது, வலது, நிற்கிறேன், மெதுவாகப் போகிறேன் என்று நாலு கைச்சைகையும் செய்ய வேண்டும். பதினொரு மணிக்குள் மூன்று படகுக் கூட்டம் வரிசையில் நின்றது. உலகப் போட்டிக்கெல்லாம் போய் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் அந்த எட்டில் கால் ஊன்றிவிட்டார். மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார்.

மேலாளர் ஓடி வந்தார். சொந்த அக்கா புருஷன் என்பதால் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

“மாமா, இது மலை. மலையில கை காட்டினா யாரு பாப்பாங்க?”

“பின்னாடி வர்றவங்க பாப்பாங்க.”

“பின்னாடி வர்றவங்க அந்த நேரத்துல சாமியைத்தான் பாப்பாங்க மாமா.”

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. எட்டும் கண் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. ஆனால் ஓட்டியதைப் பார்த்துவிட்டு சார் தன் கருத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டுமோ அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். மேலாளர் மனதில், யார் வாங்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. முதல் சீட்டை வாங்கிய பெண் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். ‘குழியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி வரவும்’ என்று எழுதியிருந்தது. இன்னொருவருக்கு, ‘மரத்துக்கு வழி விடவில்லை.’ வேறொருவருக்கு, ‘சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் இருந்த நேரம் தேவைக்கு அதிகம்.’ ஒரு மாதத்தில் ஊரெல்லாம் இதுதான் பேச்சு. சீட்டைச் சட்டம் போட்டு மாட்டினவர்கள் உண்டு. சீட்டு வாங்குவதற்காகவே படகேறி வந்து, மலையடிவாரத்தில் வேண்டுமென்றே புதருக்குள் போய் விழுந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு சார் சீட்டுக் கொடுக்க மாட்டார். திட்டமிட்டு விழுவது விழுவதாகாது என்பார்.

புதன்கிழமைகளில் வீட்டம்மா பன்னிரண்டு மணிப் படகில் சாப்பாடு கொண்டு வருவார். திரும்பிப் போவது நாலு மணிப் படகில். நடுவில் இருக்கிற நேரத்தில் படகுத்துறைப் பக்கம் பஞ்சரக்கா கடையில் பேசிக்கொண்டிருப்பதாகச் சாரிடம் சொல்லியிருந்தார். பஞ்சரக்கா என்பது தீவில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற பெண்மணி. கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் ஒரு ஸ்பேனர். ஸ்பேனரைக் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடியவர்.

பேச்சு நடந்தது உண்மைதான். முதல் புதன்கிழமை அரைமணி நேரம் பேசினார்கள். அதற்குள் பஞ்சரக்கா வீட்டம்மாவின் உயரத்துக்கு ஒரு சைக்கிளில் இருக்கையை இறக்கிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டம்மா கேட்டதற்கு, ஐம்பத்தேழில் இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வாராவாரம் கடைக்குப் பின்னால் இருக்கிற புல்தரையிலும், அப்புறம் ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஆமைப் பாதையின் கீழ்ப்பாதியிலும் பாடம் நடந்தது. பஞ்சரக்கா சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்தான்: கல்லைப் பார்த்தால் வண்டி கல்லுக்குத்தான் போகும், போக வேண்டிய வழியைப் பார். வீட்டம்மா முதல் ஒரு மாதம் கல்லைத்தான் பார்த்தார். கால் முழுக்க நீலநீலமாகக் கன்றிப்போனது. சோபாவில் இடித்துக்கொண்டேன் என்று வீட்டில் சொன்னார். சார் உடனே சோபாவைச் சுவரோரம் தள்ளிவைத்து, சுற்றிலும் மஞ்சள் கோடு போட்டார்.

ஏன் சாரிடம் மறைத்தார் என்று பின்னால் நான் கேட்டேன். சொன்னால் கூடவே ஓடி வருவார், ஓடி வந்துகொண்டே எழுதுவார் என்றார்.

ஆறாவது மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். சார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆமைப் பாதையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முழு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, நீளக் கையுறை. யாரென்றே தெரியவில்லை. கடைசி வளைவுக்குப் பத்தடி முன்னால் வேகம் குறைந்தது. இடது கை நேராக நீண்டது. வண்டி இடது பக்கம் திரும்பியது. கை மறுபடி ஹேண்டில்பாருக்குப் போனது. அப்புறம் வலது பக்கம், அதேபோல். தரையில் சார் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அந்த உருவம் வந்து நின்று, கால் ஊன்றி, பின்னால் திரும்பிப் பார்த்தது.

சார் எழுந்து நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மறுபடி என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. சார் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் தடவையாக ‘தேர்ச்சி’ என்று எழுதினார். எழுதத் தெரியுமோ என்றே எல்லாரும் சந்தேகப்பட்ட வார்த்தை அது. அப்புறம் தேர்ச்சி என்றால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், முகவரி சொல்லுங்க என்றார்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தெருப் பெயர் வந்தது. எழுதிக்கொண்டே சார், அட, நம்ம தெருவா என்று சந்தோஷப்பட்டார். கட்டிட எண் வந்தது.

“நம்ம பில்டிங்தான். எந்த மாடி?”

“மூணாவது.”

“இடது பக்கமா, வலது பக்கமா?”

“இடது பக்கம்.”

சார் எழுதி முடித்து, கீழே கோடு போட்டு, சீட்டைக் கிழிக்கப் போனார். கை பாதியில் நின்றது. “அது எங்க வீடாச்சே” என்றார்.

“ஆமாங்க. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிட்டீங்களா?” என்றபடி வீட்டம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அந்த இரண்டு பேரும், கடையிலிருந்து வந்திருந்த பஞ்சரக்காவும், சத்தம் கேட்டு வந்த மேலாளரும் சார் முகத்தையே பார்த்தார்கள். கோபப்படுவாரோ, சீட்டைக் கிழித்துப் போடுவாரோ என்று. சார் சீட்டை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மனைவியிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்ட வீட்டம்மா மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது:

“எல்லாம் சரி. உங்களுக்கு யாருங்க லைசென்ஸ் குடுத்தது?”

நாலு மணிப் படகில் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பாதித் தூரத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சார் அதற்குப் பதில் சொன்னாராம். முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் தேர்வுக்குப் போன அன்று, அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம். வெளியே வர முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மூக்கைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதாவது சார் வாழ்நாளில் ஒரு தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டியதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டம்மா சிரிக்கவில்லை, எனக்கு அதில்தான் ஆச்சரியம். அடுத்த புதன்கிழமை நான் டெஸ்ட் வைக்கிறேன், வாங்க என்று மட்டும் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை தீவில் அத்தனை கூட்டம். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். என்னைப்போல் ஃபெயில் ஆன பலரை அங்கே பார்த்தேன், ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டோம். சார் இஸ்திரி போட்ட சட்டையும் பேன்ட்டுமாக வந்திருந்தார். பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்க வலது கணுக்காலில் ரப்பர் பேண்ட். பஞ்சரக்கா நல்ல சைக்கிளாகப் பார்த்துக் கொடுத்து, இரண்டு பிரேக்கையும் காட்டி, எதையும் முழுசாக அழுத்திவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தார். சின்ன வயதில் சமதரையில் ஓட்டியதோடு சரி, மலையில் அவர் ஓட்டியதே இல்லை. வீட்டம்மா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னொரு சைக்கிளில் பின்னால் ஏறினார்.

எட்டு பிரமாதமாகப் போட்டார். ஏற்றத்தில் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனார். தள்ளக்கூடாது என்று விதி இல்லை. இருபது நிமிடத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் வீட்டம்மாவிடமும், பாதையோரம் நின்ற ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உச்சியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் ஆமை. வலது பக்கம் முப்பத்திரண்டு. சார் ஆமைக்குப் போக வேண்டியவர். பிரிவுக்குச் சரியாகப் பத்தடி முன்னால், முறைப்படி, இடது கையை எடுத்து நேராக நீட்டினார். ஒற்றைக் கையில் வண்டி ஆடியது. பயத்தில் வலது கை ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்தது. முன்சக்கரம் வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம் கை காட்டியபடியே சார் முப்பத்திரண்டுக்குள் இறங்கினார்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். இது பிடுங்கியது. முதல் இருபது அடி படிப்படியாகப் பாறை. அதைத் தாண்டினால் வேர். வேரைத் தாண்டினால் மறுபடி பாறை, அது கொஞ்சம் பெரியது. மேலிருந்து முதலில் மணியோசைதான் கேட்டது. அந்தப் பாதையில் மணி அடித்துக்கொண்டு இறங்கியவர் அதுவரை யாரும் இல்லை. நடுவழியில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பந்தயக்காரர், மரத்தோடு ஒட்டி நின்று வழிவிட்டிருக்கிறார். அவர் சொன்னார்: வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் பாறையிலிருந்து கிளம்பிக் காற்றில் போனார், அப்போது அவருடைய வலது கை மேலும் கீழும் அசைந்தது, முதலில் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்தேன், அப்புறம்தான் புரிந்தது, அது ‘வேகத்தைக் குறைக்கிறேன்’ என்கிற சைகை. வேகம் குறையவில்லை.

பின்னாலேயே வீட்டம்மாவும் இறங்கினார். முப்பத்திரண்டில் அவரும் அதுவரை ஓட்டியதில்லை. விழுந்தால் எடுக்க ஒரு ஆள் வேண்டாமா என்று நினைத்தேன், அவர் ஷூவோட அடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், பாதிக்கு மேல்தான் எந்தப் பாதை என்றே தெரிந்தது என்றார். வழி நெடுக, கல்லைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறார். எந்தக் கல் என்று சார் திருப்பிக் கேட்டாராம்.

நாங்கள் படகுத்துறைப் பக்கம் ஆமைப் பாதையின் வாயைப் பார்த்துக் காத்திருந்தோம். மணியோசை தப்பான திசையிலிருந்து வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் சார் எங்களைத் தாண்டிவிட்டார். முப்பத்திரண்டு முடிகிற இடத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவில் நேரான இறக்கம். துறையில் மூன்று மணிப் படகு சாய்வுப் பலகையை இறக்கி நின்றிருந்தது. சார் வலது கையைக் காட்டினார், நேராகப் போனார், பலகை மேல் ஏறினார், படகுக்குள் நுழைந்தார், மிதவைச் சட்டைகளை அடுக்கி வைத்திருந்த குவியலில் போய் முட்டி நின்றார். படகோட்டி நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். அவசரமாக ஓடி வந்த கடைசிப் பயணி என்று நினைத்துப் பலகையைத் தூக்கிவிட்டார். வீட்டம்மா துறையின் விளிம்பில் பிரேக் பிடித்து நிற்கும்போது படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம் தண்ணீர்.

மிதவைச் சட்டைக் குவியலிலிருந்து எழுந்த சார், ஹெல்மெட்டை நேராக வைத்துக்கொண்டு, படகைத் திருப்பச் சொன்னார். வாடகை சைக்கிள் தீவை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. தான் அதை மீறிக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. வாயில் ஒரு பல் இல்லை என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

படகோட்டி திரும்பிப் பார்த்தார். அவரும் சாரிடம் கார் லைசென்ஸுக்குப் போய் வந்தவர்தான்; பதினொரு தடவை. அதற்கப்புறம்தான் தரை வேண்டாம் என்று தண்ணீருக்கு வந்தார்.

“ரிவர்ஸ் எடுக்கத் தெரியலன்னுதானே சார் பதினொரு தடவையும் எழுதினீங்க” என்றார். “அதுல இருந்து நான் நேராத்தான் போறது.”

படகு நேராகத்தான் போனது. இருபது நிமிடம் போய், பத்து நிமிடம் நின்று, இருபது நிமிடம் திரும்பி வந்தது. அந்த ஐம்பது நிமிடமும் நாங்கள் ஒருவரும் கலையவில்லை. பஞ்சரக்கா எல்லாருக்கும் டீ போட்டார். மேலாளர் மட்டும் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, அக்காவிடம் என்ன சொல்வது, மாமாவிடம் என்ன சொல்வது, மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்று புலம்பினார். அக்கா துறையின் ஓரத்தில் உட்கார்ந்து, அட்டையில் நிதானமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

படகு வந்தது. சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். சட்டையில் ஒரு கைப்பகுதி இல்லை. ரப்பர் பேண்ட் கணுக்காலில் அப்படியே இருந்தது. நேராக மனைவி முன்னால் வந்து நின்றார். வீட்டம்மா முதலில் எழுந்து அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார். எல்லாம் வேலை செய்தது. வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல்வரிசையில் நடுவில் ஒரு ஜன்னல். அப்புறம்தான் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சார் அதை வாய்விட்டுப் படித்தார். ஒரு பல் போனதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் காற்று சேர்ந்து வந்தது.

‘கை காட்டிய திசையில் போகவில்லை. மற்றபடி பயமில்லாமல் ஓட்டினார். மறுபடி வரவும்.’

“பயமில்லாம எல்லாம் இல்ல” என்றார் சார். “ரொம்பப் பயந்துட்டேன்.”

“எனக்கும்தான்” என்றார் வீட்டம்மா.

சார் அப்போது சிரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது மாடிக்கு நேர் கீழே பன்னிரண்டு வருடம் குடியிருந்திருக்கிறேன், அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நிற்க முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து வீட்டம்மா, அவரைப் பார்த்து பஞ்சரக்கா, வாயிலிருந்த ஸ்பேனர் தண்ணீரில் விழுந்துவிட்டது.

தேர்ச்சி பெற அவருக்கு இன்னும் ஐந்து வாரம் ஆனது. இரண்டு தடவை ஆமைப் பாதையில் ஆமையைவிட மெதுவாகப் போனதற்காக ஃபெயில் ஆனார். ஒரு தடவை எதிரே வந்த அணிலுக்காக நின்று, அது போகட்டும் என்று கை காட்டி, அது போகாததால் அங்கேயே நின்றுவிட்டார். பல் மருத்துவரிடம் போய்ப் புதுப் பல் கட்டிக்கொண்டார். மருத்துவரின் நாற்காலி எத்தனை கோணம் சாய்கிறது என்று மட்டும் கேட்டிருக்கிறார், வேறு தொந்தரவு இல்லை.

மேலாளர் மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ தெரியாது, சாரின் வேலை மட்டும் மாறிவிட்டது. இப்போது நாற்காலி கிடையாது. காலை முதல் படகில் போய் ஆமைப் பாதை முழுக்க ஓட்டிப் பார்த்து, உருண்டு கிடக்கிற கல்லை எடுத்துப் போடுகிறார், சாய்ந்த கிளையை வெட்டுகிறார், மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் கீறுகிறார். வழியில் யாராவது விழுந்து கிடந்தால் முதலில் தூக்கிவிடுகிறார். எழுதுவது அதற்கப்புறம்தான், அதுவும் கேட்டால் மட்டும். வீட்டம்மாவைச் சுற்றி ஏழு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியை, இரண்டு பேர் பஞ்சரக்காவின் நாத்தனார்கள். புதன்கிழமை மலை அவர்களுடையது. இறங்கும்போது அவர்கள் போடுகிற சத்தத்தில் படகோட்டி மூன்று மணியென்று தெரிந்துகொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் சேற்றுத் தண்ணீர் ஓடியது. மாடிப்படி வழியாக இறங்கி, என் மிதியடியை நனைத்து, கதவுக்கு அடியில் நுழையப் பார்த்தது. இன்றைக்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று மேலே போனேன். மூன்றாவது மாடி நடைபாதையில் இரண்டு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி வைத்து இருவரும் கழுவிக்கொண்டிருந்தார்கள். தழும்பைக் காட்டி யாருடையது பெரிது என்று ஏதோ வாக்குவாதம். சார் என்னைப் பார்த்துத் தண்ணீருக்காக மன்னிப்புக் கேட்டார். வீட்டம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் பழைய பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றை என் கையில் கொடுத்து, செயினில் உள்பக்கம் அழுக்கு ரொம்ப இருக்கு, கொஞ்சம் பாருங்க என்றார். திட்ட வந்தவன் மத்தியானம் வரைக்கும் அங்கேதான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.